வழுவும் குழுவும்

இலக்கியம் பேசுகின்ற ஓரிடத்தில் மென்பொருள் சோதனையைப் பற்றி எழுத வேண்டுமானால் அதற்கொரு முகாந்திரம் வேண்டும். எங்களுக்கு அதைத் தருவது ஒரே ஒரு சொல்: வழு. ஆங்கிலத்தில் 'பக்' என்று பூச்சியின் பெயரால் வழங்குகிற மென்பொருட் பிழைக்குத் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் நம் இலக்கணத்திலிருந்து எடுத்துச் சூட்டிய பெயர் அது. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சொல்லோடு சேர்ந்திருந்த சிந்தனையை இலக்கண நூலிலேயே விட்டுவிட்டோமோ என்னும் ஐயம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அந்தச் சிந்தனை ஒரு சோதனைக் குழுவை நலமாக வைத்திருக்க எவ்வாறு உதவுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கட்டடம் ஒன்றில், பிறர் எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 9 பேர் நாங்கள். குழு தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. தொடங்கியபோது இருந்தவர்களில் இருவரே இப்போது எஞ்சியிருக்கிறார்கள். 'நாங்கள்' என்று எழுதுவது அவையடக்கத்தினால் அன்று. பல ஆண்டுகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே திரையைப் பார்த்தவர்களுக்கு, எந்த எண்ணம் யாரிடமிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க இயலாமற் போகிறது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்திலும் பவணந்தியார் நன்னூலின் பொதுவியலிலும் வழுவைப் பற்றி விரிவாகப் பேசுகிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் பிறழ்ந்து வருவது வழு. பிறழாமல் வருவது வழாநிலை. இவ்விரண்டோடு நிறுத்தியிருந்தால் அது தேர்வுத்தாள் திருத்துகிற வேலையாகவே இருந்திருக்கும். மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள்: வழுவமைதி. பிறழ்வுதான், ஆனால் தக்க காரணம் இருப்பதால் ஏற்கிறோம் என்று, அறிந்தே அமைத்துக்கொள்வது. அன்பின் மிகுதியால் தன் பசுவை 'அம்மை' என்றழைத்து, 'வந்தாள்' என்று உயர்திணை முடிபு கொடுப்பவனைத் திணை அறியாதவன் என்று இலக்கணம் தள்ளிவிடுவதில்லை. உவப்பு என்னும் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவைத்து அதை ஏற்றுக்கொள்கிறது.

மென்பொருளுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான பாகுபாடு வேறில்லை. சோதனையால் வழு இருப்பதைக் காட்டலாமேயன்றி, இல்லை என்பதை ஒருபோதும் காட்டவியலாது என்பது டைக்ஸ்ட்ரா என்னும் கணினி அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே வலியுறுத்திய உண்மை. ஆகவே முழு வழாநிலை எய்திய மென்பொருள் என்று ஒன்றை எவரும் உறுதிகூற முடியாது. வெளியே போகும் ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு வழுவமைதியோடுதான் போகிறது. வேறுபாடு ஒன்றே. அந்த அமைதியை அறிந்து, காரணம் சொல்லி, சொன்னவர் பெயரையும் பதிந்து கொண்டோமா? அல்லது வழுவுக்கே வழாநிலை என்று பெயரிட்டு அனுப்பிவிட்டோமா? வழுவை வழு என்று அச்சமின்றிச் சொல்லவும், சொன்னது முடிவெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவும் வழியிருக்கிற குழுவே நலமான குழு. மற்ற ஏற்பாடுகள் யாவும் இந்த ஒன்றைக் காப்பதற்காகவே.

இது கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரித்தானிய அஞ்சல் துறையின் கதை சான்று. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களின் கணக்குகள் 'ஹொரைசன்' என்னும் மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. ஊர்க்கடைகளில் அஞ்சலகம் நடத்திவந்த எளிய மனிதர்களின் கணக்கில் காரணமின்றித் துண்டு விழத் தொடங்கிற்று. புகார் சொன்னவர்கள் பலரிடம், இப்படி ஒரு சிக்கல் உங்களுக்கு மட்டுமே வருகிறது என்று பதில் வந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2010இல் கருவுற்றிருந்த பெண் ஒருவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2019 டிசம்பரில்தான் உயர்நீதிமன்றம், அந்த மென்பொருளில் வழுக்கள் இருந்தன என்றும் அவை கிளைக் கணக்குகளைப் பாதிக்கக்கூடியவை என்றும் தீர்ப்பளித்தது. 2021இல் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024இல் எஞ்சியவர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அந்த அமைப்புக்குள் வழுக்களைப் பற்றி அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் அறிந்தது, அறிய வேண்டியவர்களின் காதுக்கு எட்டவில்லை, அல்லது எட்டியும் பொருட்படுத்தப்படவில்லை. அந்தச் செய்திகளைப் படித்த வாரம் எங்கள் குழுவில் வழக்கமான கேலிப்பேச்சு எழவில்லை.

அத்தனை பெரிய கேடு எல்லா இடங்களிலும் நேர்வதில்லை. ஆயினும் அதன் விதை எந்த அலுவலகத்திலும் விழக்கூடியது. எங்கள் குழுவின் மூன்றாம் ஆண்டில், அப்போது எங்களுக்கு மேலே இருந்த ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் சுவரில் ஒரு பட்டியலை ஒட்டச் செய்தார். அந்த வாரம் யார் எத்தனை வழுக்களைக் கண்டார்கள் என்னும் கணக்கு அது. முதலில் நிற்பவருக்குக் கைதட்டல். கடைசியில் நிற்பவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் குறைவு. இரண்டே மாதங்களில் எங்கள் இடத்தின் குணம் மாறிப்போயிற்று. ஒரே காரணத்தால் ஐந்து திரைகளில் தோன்றுகிற வழு, ஐந்து வழுக்களாகப் பதிவாயிற்று. எழுத்துப் பிழைகளுக்கும் பொத்தானின் நிறத்துக்கும் திடீரென்று மவுசு கூடிற்று. தான் கண்ட தடயத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஒவ்வொருவரும் தயங்கினோம். நிரல் எழுதுகிறவர்களோ, இது வழுவே அல்ல என்று வழக்காடுவதில் பாதிப் பொழுதைக் கழித்தார்கள். ஏனென்றால் அவர்கள் பக்கத்துச் சுவரிலும் ஒரு பட்டியல் இருந்தது.

அந்நாள்களில் எங்களுள் ஒருவர், காப்பீட்டு மென்பொருள் ஒன்றில் தவணைத் தொகை எப்போதோ ஒருமுறை இருமடங்காகப் பதிவாவதைக் கண்டார். மறுபடி செய்து பார்த்தால் வராது. நான்கு நாள்கள் அதையே துரத்தினார். இரு கிளைகளிலிருந்து இருவர் ஒரே பாலிசியைத் திறந்து வைத்திருந்து, ஒருவர் சேமித்த மறுகணமே மற்றவரும் சேமித்தால் அது நிகழ்கிறது என்று கண்டுபிடித்தார். வெளியே போயிருந்தால் யார் யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தோ மாதத்துக்கு இருமுறை பணம் போயிருக்கும். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த எண் ஒன்று, இடம் கடைசி. அடுத்த ஆண்டு அவர் வேறிடம் போய்விட்டார். அவருக்காகக் கேக் வெட்டிய மாலையிலும் அந்தப் பட்டியல் அதே சுவரில் ஒட்டியிருந்தது.

ஓர் அளவை இலக்காக மாற்றியதும் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்னும் கருத்தைக் குட்ஹார்ட் விதி என்பார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1975இல் பணக்கொள்கையைக் குறித்துச் சொன்னதிலிருந்து கிளைத்தது அது. பின்னர் வந்த எங்கள் குழுத்தலைவர் அந்த விதியின் பெயரை உச்சரித்ததேயில்லை. வந்த முதல் வெள்ளிக்கிழமை, பட்டியலைக் கிழித்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அதற்குப் பதிலாக எல்லோரையும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்: 'இந்த மென்பொருளைப் பற்றி முன்பு நமக்குத் தெரியாதது எது இந்த வாரம் தெரிந்தது?' அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்றும் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கேட்கப்படுகிறது. 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்வதற்கும் அங்கே இடமுண்டு. அவ்வாறு சொல்ல இடமிருப்பதால்தான், தெரிந்தது என்று சொல்லப்படுவதை நம்ப முடிகிறது.

குழுவுக்கு யாரைச் சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. இதில் எங்களுக்கு ஆசானாக இருப்பது ஒரு துயரக் கதை. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெரக்-25' என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986இல் இரண்டு விபத்துகள் நேர்ந்தன. முதல் விபத்துக்குப் பின் வந்து பார்த்த பொறியாளர்களால் அதை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பின் மருத்துவமனையின் இயற்பியலாளரும், இயந்திரத்தை இயக்கிய பணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து, அன்று செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். காரணம் விரல்களின் வேகம் என்று தெரிந்தது. எக்ஸ்-கதிர் என்று பதிந்துவிட்டதை எலக்ட்ரான் என்று எட்டு விநாடிகளுக்குள் திருத்தி முடித்துவிட்டால், திரை ஒன்றைக் காட்டும்; இயந்திரம் வேறொன்றைச் செய்யும். நாள்தோறும் அதே வேலையைச் செய்து பழகிய விரல்களுக்குத்தான் அந்த வேகம் வரும். நிதானமாகத் தட்டிப் பார்த்தவர்களின் கண்ணில் அது படவேயில்லை.

பயன்படுத்துகிறவரின் விரலை நினைத்துப் பார்க்கத் தெரிந்தவரையே நாங்கள் தேடுகிறோம். நேர்முகத்துக்கு வருகிறவரிடம் கணினியைத் தருவதில்லை. ரயில் நிலையத்தில் கிடைக்கும் முன்பதிவுத் தாளைக் கொடுத்து, இதில் எங்கெல்லாம் தவறு நேரக்கூடும் என்று கேட்கிறோம். நன்கு படித்தவர்கள் பலர் வயது என்னும் கட்டத்தில் எழுத்தை எழுதினால், தேதி என்னும் கட்டத்தில் 31 பிப்ரவரி எழுதினால் என்று தொடங்குவார்கள். குற்றமில்லை. ஆனால் ஒரு பெண், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஆறு பேருக்குத்தான் இடம் இருக்கு. எங்க வீட்டிலிருந்து கல்யாணத்துக்குக் கிளம்பினா பதினோரு பேர். ரெண்டு தாள் எழுதினா ஒரே பெட்டியில கிடைக்குமா?' என்று கேட்டார். மறுநாளே அவரைச் சேர்த்துக்கொண்டோம். கணினி அறிவு குறைவாகத்தான் இருந்தது. அதைக் கற்பிக்க ஆறு மாதம் போதும்.

எல்லோரும் ஒரே கல்லூரியிலிருந்து, ஒரே படிப்பு முடித்து வந்தவர்களாக இருந்தால் எல்லோர் கண்ணிலும் ஒரே வழுதான் படும். எங்களுள் ஒருவர் மூன்றாண்டுகள் வங்கியின் பணம் வாங்கும் முகப்பில் இருந்தவர். ஒருவர் தமிழ் இலக்கியம் பயின்றவர். வேறொருவருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு குடும்பப் பெயர் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். குடும்பப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவம், இந்நாட்டின் பாதிப் பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதை அவர் சொந்தப் பெயரைத் தட்டச்சு செய்தே காட்டினார். தமிழ் பயின்றவர் ஒரு நூலக மென்பொருளைச் சோதித்தபோது ஔவையாரைத் தேடினார். சில நூல்கள் வந்தன. இருக்க வேண்டிய வேறு சில வரவில்லை. பார்த்தால், பாதிப் பதிவுகளில் 'ஔ' என்னும் ஓரெழுத்து இருக்கிறது. மீதியில் ஒகரத்தை அடுத்து ளகரம் இருக்கிறது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு இரண்டு ஔவை. கொற்கையைத் தேடினாலும் அதே கதை. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க நிரல் அறியாவிட்டால் கொற்கைத் துறைமுகத்தில் பாதிதான் கிடைக்கும். அதைக் காண்பதற்குத் தமிழ் படித்த ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டியிருந்தது.

இனி, நிரலாளர்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்லும். அகத்தியர் சினத்தினால், அந்நூலைக் கேட்க வேண்டாம் என்று அதங்கோட்டாசானிடம் சொன்னதாகவும், அவர் இருவருக்கும் இடையில் அகப்பட்டு, குற்றம் கூறிக்கொண்டே கேட்பது என்று முடிவு செய்ததாகவும், தொல்காப்பியர் அத்தனைக்கும் விடை கூறியதாகவும் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். கதை எவ்வாறாயினும், குற்றம் காண அமர்ந்தவரின் பெயர் நூலின் முகப்பிலேயே நிற்கிறது. ஆக்கியவருக்கு அதனால் இழுக்கு ஏதும் நேரவில்லை.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மென்பொருளை ஹூஸ்டனில் எழுதிய குழுவினர் இந்த உறவை முறையாகவே அமைத்திருந்தார்கள். எழுதுவோர் ஒரு பிரிவு. சரிபார்ப்போர் தனிப் பிரிவு. இரு பிரிவுகளுக்கும் நட்போடு கூடிய போட்டி. வழு ஒன்று அகப்பட்டால், யார் செய்தது என்று கேட்பதோடு நிற்பதில்லை. நம் முறையில் எந்த ஓட்டை வழியாக இது நுழைந்தது, அதே வழியாக வேறு எவை நுழைந்திருக்கும் என்று கேட்பார்கள். ஏறத்தாழ 4,20,000 வரிகள் கொண்ட அந்த மென்பொருளின் அடுத்தடுத்த மூன்று பதிப்புகளில் பதிப்புக்கு ஒரு வழுவே இருந்ததாக 1990களின் நடுவில் செய்தி வெளியாயிற்று. எங்களுக்கு அவர்களுடைய பணமும் இல்லை, காலமும் இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேட்கும் மொழியையும் சற்றே திருத்திக்கொண்டோம். எழுத்தில் அறிக்கைகள் ஆங்கிலத்தில் போனாலும், அலுவலகத்தில் பேச்சு தமிழில்தான். தமிழில் 'உடைத்தாய்' என்றும் சொல்லலாம், 'உடைந்தது' என்றும் சொல்லலாம். வழுவைப் பற்றிப் பேசும்போது இரண்டாவதையே ஆள்வது எங்கள் வழக்கம். 'சேமித்ததும் பக்கம் நின்றுவிடுகிறது' என்றால் நிரலாளர் திரையைப் பார்ப்பார். 'நிறுத்திவிட்டீர்கள்' என்றால் நம்மைப் பார்ப்பார். 'அக்கா, இது உங்க மெஷின்ல மட்டும்தான் வருது' என்று சொல்லிக்கொண்டிருந்த இளைஞர்கள் இப்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, 'இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க' என்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

சொல்வதை மிகுதியாகச் சொன்னாலும் கேட்பவர் காது மரத்துப்போகும். 2012 ஆகஸ்டு 1 அன்று நைட் கேபிடல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டுக் கணினிகளில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் உறங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. அன்று சந்தை திறப்பதற்கு முன்பே அந்நிறுவனத்தின் கணினி, கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைப் பணியாளர்களுக்கு அனுப்பியிருந்தது. அத்தகைய அஞ்சல்களை எவரும் வழக்கமாகப் பார்ப்பதில்லை. எங்களிடமும் இரவில் தாமாக ஓடும் சோதனைகள் சில ஆயிரம் உண்டு. காரணமின்றிச் சிவப்பு காட்டும் சோதனையை ஒரு வாரத்துக்குள் செப்பனிட வேண்டும், இயலாவிட்டால் நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. 'அது எப்பவும் அப்படித்தான்' என்னும் வாக்கியம் எங்கள் அறையில் தடைசெய்யப்பட்டது.

இனி, குழுவின் உடல்நலம். சோதனைக் குழு என்றால் கல்யாண வீட்டின் கடைசிப் பந்தி என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். நிரல் எழுதி முடிக்கும் நாள் தள்ளிப்போகும். வெளியீட்டு நாள் மட்டும் தள்ளிப்போகாது. நடுவில் நசுங்குவது சோதனைக்கென்று ஒதுக்கிய நாள்கள். அந்நாள்களில் இரவெல்லாம் விழித்து, காலையில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்பிவிட்டு, வாடகைக் காரில் தூங்கியபடி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள். தூக்கமில்லாத கண் முதலில் இழப்பது ஐயப்படும் ஆற்றலை. அது போன பின் சோதிப்பவர் எதையும் சரியென்றே சொல்வார். ஆகவே இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். வாடிக்கையாளரின் தேவைகளை எழுதும் முதல் நாளிலேயே எங்களுள் ஒருவர் உடன் அமர்வது என்பது ஒன்று. நிரலாக மாறுவதற்கு முன்பே பல வழுக்கள் வாக்கியத்தில் அகப்பட்டுவிடுகின்றன. இரவுப் பணி செய்தவர் மறுநாள் மதியத்துக்கு முன் வரக்கூடாது என்பது மற்றொன்று. வரலாம் என்றன்று, வரக்கூடாது என்றே எழுதியிருக்கிறோம். சலுகையாக இருந்தால் தயங்குகிறவர்கள், விதியாக இருந்தால் தூங்குகிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மதுரை, கோவில்பட்டி, ஆம்பூர் என்று அவரவர் ஊருக்குச் சிதறினோம். வேலை நின்றுவிடவில்லை. நின்றது பக்கத்து மேசையின் பேச்சு. 'என்ன இது, விநோதமா இருக்கே?' என்று ஒருவர் தமக்குத்தாமே முணுமுணுப்பதைக் கேட்டு மற்றவர் எழுந்து வருவதில்தான் எங்கள் சிறந்த கண்டுபிடிப்புகள் பிறந்திருக்கின்றன. அந்த ஆண்டு சேர்ந்த ஒருவரின் முகத்தைப் பதினெட்டு மாதங்கள் திரையின் சிறு கட்டத்தில் மட்டுமே பார்த்தோம். அதற்கு மாற்றாக, நாள்தோறும் ஒரு மணி நேரம் இருவர் இருவராகச் சேர்ந்து சோதிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஒருவர் விசைப்பலகையை இயக்குவார். மற்றவர் பார்த்துச் சொல்வார். அதற்கு 'இரட்டைப் புலவர் முறை' என்று எங்கள் தமிழ்க்காரர் பெயரிட்டார். பார்வையற்றவர் தோளில் கால் முடமானவர் அமர்ந்து வழிசொல்லிப் போனார்கள் என்னும் அந்த மரபுக்கதைக்கும் எங்கள் வேலைக்கும் அதிகத் தொலைவில்லை. அலுவலகம் திரும்பிய பின்னும் அதை விடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் காத்துவருவது ஒரு பதிவேடு. வெளியீட்டின்போது திருத்தாமல் விடப்படும் ஒவ்வொரு வழுவுக்கும் அதில் ஒரு வரி உண்டு. வழு என்ன, யாரைப் பாதிக்கும், ஏன் இப்போதைக்கு விடுகிறோம், முடிவெடுத்தவர் யார், மறுபடி எப்போது பார்ப்பது. இதற்கு வழுவமைதிப் பதிவேடு என்று பெயர். தொடங்கியபோது மேலாளர்கள் முகம் சுளித்தார்கள். தம் பெயரை எழுதுவது குற்றப்பத்திரிகைபோல் அவர்களுக்குத் தோன்றிற்று. நாளடைவில் அதன் மறுபக்கம் புலப்பட்டது. வெளியீட்டுக்குப் பின் வாடிக்கையாளர் ஒரு வழுவைச் சொல்லும்போது, 'தெரியும், இன்ன காரணத்தால் விட்டோம், இன்ன நாளில் திருத்துகிறோம்' என்று சொல்ல முடிகிறது. எங்களுக்கோ அதனினும் பெரிய பயன். வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்றும் நாங்கள் கேட்டதில்லை. சொன்னோம், கேட்டார்கள், கேட்டதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது என்னும் நிறைவு போதும். அந்த நிறைவு இல்லாத இடத்தில் நல்ல சோதனையாளர் முதலில் வாயை மூடிக்கொள்கிறார். பிறகு வேலை தேடுகிறார்.

டாம் டிமார்க்கோவும் டிமோதி லிஸ்டரும் 1987இல் எழுதிய 'பீப்பிள்வேர்' என்னும் நூலில், ஐபிஎம் நிறுவனத்தில் முற்காலத்தில் இருந்த ஒரு சோதனைக் குழுவைப் பற்றிச் சொல்கிறார்கள். கறுப்புடை அணிந்து வேலைக்கு வந்ததால் அவர்களுக்குக் கறுப்புக் குழு என்று பெயராயிற்றாம். அவர்களுடைய ஆடையும் வேடிக்கையும் எங்களைக் கவரவில்லை. தொடக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய், கடைசி ஆளும் போன பின்பும் குழுவின் குணம் அப்படியே இருந்தது என்னும் செய்திதான் எங்களைப் பிடித்து நிறுத்தியது. ஆள் மாறியும் குணம் மாறாதிருக்க வேண்டுமானால், அந்தக் குணம் பழக்கத்தில் தங்கியிருக்க வேண்டும்.

இதை இப்போது நினைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தனியாகச் சோதனைக் குழு எதற்கு என்னும் கேள்வி இத்துறையில் வலுத்து வருகிறது. 2014 வாக்கிலேயே மைக்ரோசாஃப்ட் தன் பல பிரிவுகளில் எழுதுவோரையும் சோதிப்போரையும் ஒன்றாக்கியது. இப்போது சோதனைகளை இயந்திர அறிவே எழுதித் தருகிறது. ஒரு பிற்பகலில் நாங்கள் எழுதக்கூடியதைப்போல் நூறு மடங்கு எழுதுகிறது. அவற்றில் பல நன்றாகவே இருக்கின்றன. எங்களையும் இவ்வாண்டு இறுதிக்குள் பிரித்து, நிரல் எழுதும் அணிக்கு ஒருவராக அனுப்பும் எண்ணம் நிர்வாகத்துக்கு இருக்கிறது. இதை நாங்கள் சதி என்று நினைக்கவில்லை. நிரலாளர் அருகிலேயே சோதிப்பவரும் இருப்பது நன்மைதான் என்று எங்களுள் நால்வர் கருதுகிறார்கள். ஐவருக்கு அச்சம். ஓர் அணியில் எட்டுப் பேர் 'முடிந்தது' என்று சொல்லும்போது ஒன்பதாவது ஆளாக நின்று 'முடியவில்லை' என்று சொல்ல, முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் வேண்டும் என்பது அந்த ஐவரின் வாதம். எத்தனை சோதனைகளை இயந்திரம் எழுதினாலும் அந்தச் சொல்லை அது சொல்லித் தராது என்பதில் மட்டும் ஒன்பது பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கே அமர்த்தினாலும் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒன்பது பேரும் ஓரிடத்தில் கூட அனுமதி வேண்டும். எவரையும் வழுவின் எண்ணிக்கையால் அளக்கலாகாது. வழுவமைதிப் பதிவேடு ஒன்றாகவே இருக்க வேண்டும், அணிக்கொன்றாகப் பிரியக்கூடாது. முதல் இரண்டுக்கும் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. பதிவேட்டில் இன்றைய தேதிக்கு 41 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு காரணமும் ஒரு பெயரும் இருக்கின்றன.